நாத்தனார் பார்த்த பிரசவம்

முப்பத்தோரு வயதில் எனக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. பிரசவ வார்டு வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லப் போகிறேன் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் விழா நடத்துகிறவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு உரைதான். சால்வையைப் போர்த்திவிட்டு, "சகோதரி பொன்மலர் இனிவரும் காலத்தைப் பேரன் பேத்திகளோடு நிம்மதியாகக் கழிக்க வேண்டும்" என்று வாழ்த்தினார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகவே நான் ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்றவர்கள் அனுபவம் எழுதலாம் என்பது வழக்கம். அதோடு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளிடம் இப்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். 'உங்கள் பிரசவத்தை யார் பார்க்க விரும்புகிறீர்கள்?' என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருக்கிறது: டாக்டர், செவிலியர், சிறப்புப் பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர். என் மாணவிகள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "எதுல டிக் அடிக்கச் சொல்லணும் மேடம்?" என்று கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. இது அதில் இல்லாத பதில்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கருவேலங் கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர். அம்மா மூட்டத்தை மூட அவருக்கு மண் அள்ளிப் போடுகிறவர். அண்ணன் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டைப் பார்த்து மிரண்டு பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்தவன். இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதி, தேறி, அதற்கு அத்தாட்சியும் வாங்கியவள் நான்தான். டிப்ளமோ மூன்று வருடம், வேலை ஒன்பது வருடம், அதற்குள் ஒன்றரை வருடம் சிறப்புப் பயிற்சி. பயிற்சிச் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒருவர் அதைச் சாப்பாட்டுக் கடை மெனு என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தாராம். அப்பா அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

எங்கள் பிரசவ வார்டில் இரண்டு வகை ஆட்கள் இருந்தோம். முதல் வகை வசந்தா சிஸ்டர். வார்டுக்கே பொறுப்பு, எனக்கு மேலதிகாரி. இரண்டாவது வகை நான்.

வசந்தா சிஸ்டர் மணி சொல்லாமல் எதையும் சொல்ல மாட்டார். "மணி பத்து இருபது, வாயைத் திற" என்று தெர்மாமீட்டர் வைப்பார். "பத்து இருபத்திரண்டு, மூடு." கையில் ஒரு கடிகாரம், மார்பில் தலைகீழாகக் குத்திய ஒரு கடிகாரம். இரண்டையும் நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வலியில் கத்துகிற பெண்ணிடம்கூட, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் பேசுவார். கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும், சொல்லும்போது முக்க வேண்டும், சொல்லாதபோது முக்கக் கூடாது. அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்களுக்குப் பிள்ளை பிறந்த நிமிடம் ஆயுசுக்கும் மறக்காது. ஜாதகம் எழுதுகிறவர்கள் ஆள் அனுப்பி அவரிடம் நேரம் கேட்பார்கள்.

நான் ஒன்றரை வருடப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கூடவே ஒரு பெரிய ரப்பர் பந்தும் வந்தது. வலி நேரத்தில் பெண்கள் அதன்மேல் உட்கார்ந்து மெல்ல அசைந்தால் இடுப்பு இளகும். நடக்கலாம், குந்தலாம், ஒருக்களிக்கலாம், விரும்புகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் நான் விளக்கி முடிக்கும்வரை வசந்தா சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டேப்பை எடுத்துப் பந்தைச் சுற்றி அளந்து, பதிவேட்டில் 'ரப்பர் பந்து, பெரியது, 1' என்று எழுதினார். நேரமும் எழுதினார்.

பந்தை ஊருக்குப் பழக்குவதற்குள் நான் பட்ட பாடு தனி. "இதுல உக்காந்தா புள்ள உருண்டையாப் பொறக்குமா?" என்று பாலவனத்தத்து மாமியார் ஒருவர் கவலைப்பட்டார். வீரசோழனிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வீடியோவில் பேசினார். பந்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், வெளாட்டு அப்புறம் இருக்கட்டும், மொதல்ல வைத்தியத்தப் பாருங்க" என்றார். ஆறே மாதத்தில் நிலைமை மாறியது. வந்து இறங்கும்போதே "பந்து சிஸ்டர் இருக்காகளா?" என்று கேட்டார்கள். வசந்தா சிஸ்டருக்கு 'மணி சிஸ்டர்' என்று பேர். மணி சிஸ்டரா, பந்து சிஸ்டரா என்று எதிர்த்த ஜூஸ் கடையில் கட்சி பிரிந்து பேசினார்கள். ஒரு நாள் மதியம் வார்டுக்குள் போனபோது, யாரும் இல்லை என்று நினைத்து வசந்தா சிஸ்டரே பந்தின்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "மணி ஒண்ணு நாப்பது. காத்து கொறவா இருக்கு" என்றார்.

இப்படி நான் பேர் வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் மதினி சித்ரா உண்டானாள்.

மதினி அண்ணன் பெண்டாட்டி. பாலவனத்தத்துப் பெண். எனக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்பதால் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே டிவி. சண்டைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பிரசவத்தை நான்தான் பார்க்கப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. படித்தவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவார்களா? தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா பஸ்ஸிலும் சொல்லி வைத்திருந்தார்.

ஏழாம் மாதம் வளையல் போட்ட அன்றைக்கு, எல்லோரும் கலவை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதினி சொன்னாள்:

"நான் வசந்தா சிஸ்டர்கிட்டத்தான் பாக்கப் போறேன்."

புளியோதரையை இலையிலேயே வைத்துவிட்டேன். "ஏன், என் படிப்புக்கு என்ன கொறச்சல்?"

"படிப்புக்கு ஒரு கொறச்சலும் இல்ல. நீ நாத்தனா. அதான் கொறச்சல்."

"நாத்தனாவா இருந்தா கை வேல செய்யாதா?"

"கை செய்யும். வாயும் செய்யுமே" என்றாள் மதினி. "இங்க பாரு, மோட்டார் போடுறதுல, குழம்புல, ரிமோட்டுல நமக்குள்ள தெனம் ஒரு சண்ட. எல்லாத்துலயும் நாந்தான் ஜெயிக்கிறேன். நாளைக்கு நான் வாயத் தொறக்கும்போது, 'உன்ன நான் எந்தக் கோலத்துல பாத்தேன்னு சொல்லவா'ன்னு நீ ஒரு வார்த்த கேட்டாப் போதும். அதோட நான் அடங்கிப் போகணும். ஆயுசுக்கும்."

"நான் அப்படிக் கேப்பனா?"

மதினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அப்பளத்தைப் பார்த்தான். நான் அப்படிக் கேட்பேன் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்தே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது படித்தவள் செய்யக்கூடிய காரியமில்லை. மதினி ஆஸ்பத்திரி ஆயா பஞ்சவர்ணம் அக்காவைப் பிடித்து என் டூட்டி விவரத்தை வாங்கியிருந்தாள். வாரம் முழுக்க எனக்குக் காலை எட்டு முதல் இரண்டு வரை. இரண்டு மணிக்கு வசந்தா சிஸ்டர் வருவார். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்குக் காலையிலும் வேறு ஆள். "வியாழக்கிழம வலி எடுக்கணும்னு நேந்திருக்கேன்" என்று மதினி அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாளே நான் வியாழக்கிழமை விடுமுறையை இன்னொரு சிஸ்டரிடம் மாற்றிக்கொண்டேன். பஞ்சவர்ணம் அக்காவிடம் மூச்சு விடவில்லை. பிள்ளை என் கையில்தான் பிறக்க வேண்டும், தெரு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

மதினியின் நேர்ச்சை பலித்தது. வியாழக்கிழமை காலையில், பாலவனத்தத்துத் தாய்வீட்டில் அவளுக்கு வலி எடுத்தது. அண்ணன் லோடு ஆட்டோவில் மெத்தை விரித்து, அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். ஆட்டோ உள்ளே திரும்பும்போது மதினி வண்டி நிறுத்தும் கொட்டகையைப் பார்த்திருக்கிறாள். அங்கே என் ஸ்கூட்டி நின்றது.

"நிறுத்துங்க! அவ இருக்கா."

"இன்னைக்கு லீவுல்ல?"

"ஸ்கூட்டி நிக்கிது பாருங்க. மாத்திட்டா. எனக்குத் தெரியும் அவள. வண்டியப் பின்னாடி எடுங்க."

அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தான். என் அண்ணன் வாய்ப்பாட்டுக்கு மட்டுமல்ல, மதினிக்கும் பயந்தவன். எதிர்த்த ஜூஸ் கடையில் அவளை உட்கார வைத்து, இரண்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். அவளுடைய அம்மா முதலில் திட்டினார், பிறகு அழுதார், கடைசியில் விசிறினார். வலி வரும்போதெல்லாம் மதினி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், போனதும் நன்னாரி சர்பத் குடித்தாள். நான் ஜன்னல் வழியாக அண்ணனுடைய வண்டியைப் பார்த்தேன். எங்கேயோ லோடு இறக்க வந்திருக்கிறான் என்று நினைத்துக் கையைக்கூட ஆட்டினேன். அவன் குனிந்துகொண்டான்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மதினி உள்ளே வந்தாள். நடக்க முடியவில்லை, முகமெல்லாம் வியர்வை. ஆனால் முகத்தில் வெற்றி.

"டூட்டி முடிஞ்சிருச்சுல்ல? வீட்டுக்குப் போ" என்றாள் என்னிடம்.

வசந்தா சிஸ்டர் பரிசோதித்தார். "மணி ரெண்டு பதினாலு. கர்ப்பவாய் முழுசாத் தெறந்திருச்சு. இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

அவர் வயிற்றை இரண்டு கையாலும் அளந்து பார்த்தார். ஒரு தரம் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். "பொன்மலர், ஏப்ரனைக் கழட்டாத. புள்ள பெருசு. டாக்டருக்குச் சொல்லிவிடு."

"அவ இருக்கக் கூடாது சிஸ்டர்!" என்றாள் மதினி.

"ரெண்டு பதினஞ்சு. பேச நேரமில்லை."

"அப்ப தலமாட்டுல நிக்கட்டும். கால்மாட்டுக்கு வரக் கூடாது."

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. தொப்புள்தான் எல்லை. நான் தலைமாட்டில் நின்று முகத்தைத் துடைத்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், தோளைத் தேய்த்துவிட்டேன். என்னுடைய ஒன்றரை வருடப் படிப்பு தலைமாட்டில் நின்றது.

"ரெண்டு முப்பத்தெட்டு. தல வந்திருச்சு" என்றார் வசந்தா சிஸ்டர்.

அடுத்த முக்கலுக்குத் தோள் வர வேண்டும். வரவில்லை. வெளியே வந்த தலை ஆமை இழுத்துக்கொள்வதுபோல இறுகிப் பின்னால் போனது. தலைமாட்டிலிருந்து பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். பார்த்துவிட்டேன். தோள் எலும்பில் மாட்டிக்கொண்டது. இதற்குச் சில நிமிடங்கள்தான் உண்டு. அதற்குமேல் போனால் பிள்ளைக்கு மூச்சு இல்லை. இழுக்கக் கூடாது, இழுத்தால் கழுத்து நரம்பு போய்விடும்.

அவசர மணியை அடித்தோம். சொல்லி அனுப்பியிருந்தும் டாக்டர் இன்னும் புறநோயாளிப் பிரிவில் மறு கட்டடத்தில் இருந்தார். பஞ்சவர்ணம் அக்கா ஒரு காலையும் நான் ஒரு காலையும் பிடித்து, முட்டியை வயிற்றோடு மடக்கினோம். எல்லையைத் தாண்டிவிட்டேன். வசந்தா சிஸ்டர் அடிவயிற்று எலும்புக்கு மேலே உள்ளங்கையால் அமுக்கினார்.

"ரெண்டு முப்பத்தொம்போது."

வரவில்லை. வசந்தா சிஸ்டரின் குரல் அப்போதும் பஸ் நேரம் கேட்கிற குரல்தான். ஆனால் உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். "உன் படிப்புல வேற என்ன இருக்கு?"

"திருப்பணும் சிஸ்டர். கையும் முட்டியும் ஊண்டி, நாலு கால்ல நிக்க வைக்கணும்."

"திருப்பு."

"எது?" என்றாள் மதினி. "நாலு கால்லயா? இவ முன்னாடியா?"

"மதினி, திரும்பு! புள்ள மாட்டிக்கிட்டிருக்கு!"

"அப்ப நீ கண்ண மூடு!"

"மூடிட்டேன்! திரும்பு!"

ஒன்பது வருடத் தொழிலில் பிரசவ அறையில் நான் சொன்ன ஒரே பொய் அது. மதினி என்னை நம்பினாள். நாங்கள் மூவரும் தாங்கிப் பிடிக்க, அவள் புரண்டு கைகளையும் முட்டிகளையும் ஊன்றி நின்றாள். அப்படி நிற்கும்போது இடுப்பெலும்பு கொஞ்சம் அகலும். மேல் பக்கமாக வந்த தோளை ஒட்டிக் கையைக் கொடுத்து, மெல்லக் கீழ்நோக்கி வழிகாட்டினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தத் தோள் நழுவியது, கை வந்தது, அடுத்த தோள் வந்தது, மொத்தப் பிள்ளையும் என் முழங்கையில் வந்து விழுந்தது.

"ரெண்டு நாப்பது."

பெண் பிள்ளை. துவண்டு போயிருந்தது. நிறம் நீலம். அழவில்லை. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். அழவில்லை. முகமூடியை மூக்கிலும் வாயிலும் பொருத்திப் பையை அமுக்கினேன். வசந்தா சிஸ்டர் பக்கத்தில் நின்று எண்ணினார். மதினி முட்டியில் நின்றபடியே, "ஏன் சத்தம் இல்ல? ஏ பொன்மலரு, ஏன் சத்தம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கோலம் எதுவும் நினைவில் இல்லை. எனக்குத் தெருவும் நினைவில் இல்லை.

"ரெண்டு நாப்பத்தொண்ணு" என்று வசந்தா சிஸ்டர் சொல்லும்போது பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு கத்தியது பாருங்கள், ஜூஸ் கடையில் அண்ணன் எழுந்து நின்றானாம்.

டாக்டர் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைச் சோதித்தார். இரண்டு கையையும் அசைக்கிறதா என்று பார்த்தார். அசைத்தது, அவருடைய கண்ணாடியைத் தட்டிவிட்டது. எடை நாலு கிலோ நூறு கிராம். இரண்டு தையல் போட்டது வசந்தா சிஸ்டர்.

சாயங்காலம் மதினி என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ண மூடியிருந்தியா?"

"மூடியிருந்தேன்."

"அப்ப புள்ளைய எப்படிப் பிடிச்ச?"

"தடவிப் பாத்து."

"பொய் சொல்ற" என்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

நான் விடுமுறையை மாற்றிய கதையை அப்போதே சொல்லிவிட்டேன். ஸ்கூட்டியைப் பார்த்தபோதே தெரியும் என்றாள். ஆனால் அவள் மூன்று மணி நேரம் சர்பத் குடித்துக்கொண்டு காத்திருந்ததற்குக் காரணம் நான்தான். சீக்கிரம் உள்ளே வந்திருந்தாலும் அந்தத் தோள் மாட்டியிருக்கலாம். ஆனால் பிள்ளை பெரியது என்று முன்பே தெரிந்திருக்கும், டாக்டர் பக்கத்திலேயே இருந்திருப்பார். பதிவேட்டில் பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் வசந்தா சிஸ்டர் இரண்டு பேர் பெயரையும் எழுதினார். நான் அதை அப்பாவிடம் காட்டவில்லை.

ஆகவே மாணவிகளே, டிக் அடிப்பதற்கு முன் அவளிடமே கேளுங்கள். யார் வேண்டும் என்பதோடு, யார் வேண்டாம் என்றும் கேளுங்கள். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் சிரிப்பாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்ன ஆள் நீங்களாக இருந்தால், டூட்டியை மாற்றி அவளை வளைத்துப் பிடிக்காதீர்கள். அழைத்தால் ஓடிவரும் தூரத்தில் நில்லுங்கள்.

இதை எழுதுவதற்கு மதினியிடம் அனுமதி கேட்டேன். அவள் ரகசியம் அல்லவா? மோட்டார், குழம்பு, ரிமோட் என்று இரண்டு வருடமாகச் சண்டை நடந்தும் நான் ஒரு நாள்கூட அந்த வார்த்தையை எடுத்ததில்லை. நல்ல குணம் என்று தெருவில் சொல்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு.

"தாராளமா எழுது" என்றாள் மதினி. "புள்ள அழுததுக்கப்புறம் நீ என்ன செஞ்சன்னும் எழுது. அதையும் எழுதுறதா இருந்தாத்தான் சம்மதம்."

எழுதுகிறேன். பிள்ளை கத்திய அடுத்த நொடி, சிறப்புப் பயிற்சி பெற்ற நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தா சிஸ்டரின் காலைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டு அழுதேன். திருச்சுழி சாமியிலிருந்து எங்கள் குலசாமிவரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கு மொட்டை போடுவதாக வேண்டினேன். அதில் ஒரு மொட்டை அண்ணனுக்கு. "ரெண்டு நாப்பத்தஞ்சு, எந்திரி" என்று வசந்தா சிஸ்டர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. கட்டிலிலிருந்து, பிள்ளை பெற்றவள், "அழாத பொன்மலரு, ஒண்ணும் இல்ல" என்று எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதுவரை எழுதி மதினியிடம் வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"மூக்க எதுல தொடச்சன்னு எழுதலியே."

"அது எதுக்கு மதினி?"

"எழுது."

பிள்ளையைப் போர்த்துவதற்கென்று மதினியின் அம்மா பாலவனத்தத்திலிருந்து துவைத்து, மடித்து, மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்த பழைய சேலைத் துணியில் துடைத்தேன். இரண்டு தரம்.